கிடங்கில் வைத்த துயரம்

லிஃப்ட் மெக்கானிக் மீது வந்த புகார் இதுதான்: மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தார், ஆனால் அவர்களோடு இணையவில்லை.

ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டிலிருந்து நான்கு பேரை ஒன்பது நிமிடத்தில் மீட்டிருந்தார். அதற்குள் அவர் பேசியது மொத்தம் இரண்டே வாக்கியம். "கதவுல சாயாதீங்க." "ஒவ்வொருத்தரா வாங்க." மறுநாள் கம்பெனியிலிருந்து போன கருத்துப் படிவத்தில், 'மெக்கானிக் உங்களோடு உணர்வுபூர்வமாக இணைந்தாரா?' என்ற கேள்விக்கு, நால்வரில் டை கட்டியிருந்தவர் 'இல்லவே இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டார். உயிரோடு வெளியே வந்தவருக்கு டிக் அடிக்கும் தெம்பும் மிச்சமிருந்தது.

மேனேஜர் கூப்பிட்டார். "வேலையில உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனா நீங்க இணையலையாமே?"

"எதோட சார்?"

"மனுஷங்களோட."

"அதுக்கு முதல்ல கதவு திறக்கணுமே சார்."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். மூன்று மாதத்துக்குள் உள்ளத் தொடர்பு மையத்தில் இணைப்புச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும், தவறினால் லிஃப்டில் கை வைக்கக் கூடாது என்று ஒரு கடிதத்தை நீட்டினார்.

மெக்கானிக்குக் கோபம்கூட வரவில்லை. அவருடைய மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. உறவு என்று மிச்சமிருந்தது மாமியார் ஒருவர்தான், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போவார். குழாய் ஒழுகினால் வாஷர் போடுவார், பல்பு மாற்றுவார், கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவார். "வரேன் அத்தை." "சரிங்க மாப்ளே." இதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு நடந்து இரண்டு வருடம் ஆகிறது.

உள்ளத் தொடர்பு மையம் ஏழாம் மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்டும் மெக்கானிக்கின் பராமரிப்பில் இருந்ததுதான். மையத்தின் இயக்குநரை அவருக்கு ஏற்கெனவே தெரியும். லிஃப்ட் கதவு தானாக மூடும்வரை பொறுக்காமல் கையால் இழுப்பவர். "ஓடும்போது இழுத்தா சுவிட்ச் விட்டுப் போய் நடுவுல நின்னுடும் சார்" என்று ஒருமுறை சொல்லியும் பார்த்தார். "என் அவசரம் உண்மையானது" என்று பதில் வந்தது.

வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் உங்களை முழுசாப் பார்க்கிறேன்" என்றாள். மெக்கானிக் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார். அது மையத்தின் வணக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் தலைக்கு மேல் 'இங்கே யாரும் நடிப்பதில்லை' என்று ஒரு பலகை. அதன் கீழே இன்னொரு பலகை, 'இவ்விடம் கேமரா கண்காணிப்பில் உள்ளது'. பதினான்கு பக்கப் படிவத்தில் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டார். லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்குப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது புதிதல்ல.

ஆலோசகருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். தாடி வைத்திருந்தார். உட்கார்ந்திருந்த நாற்காலி அசைந்தாலே கிறீச்சிட்டது. முதல் சந்திப்பில் இருவரும் அந்தக் கிறீச்சொலியை முக்கால் மணி நேரம் கேட்டார்கள். இரண்டாம் சந்திப்பில் ஆலோசகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு நான் என் மனசைத் திறக்கிறேன்" என்றார். அண்ணனோடு ஓர் ஏணிக்காகச் சண்டை போட்டாராம். அண்ணன் பேசாமலே போய்ச் சேர்ந்துவிட்டாராம். ஏணி இன்னும் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறதாம். சொல்லி முடித்தபோது தாடி நனைந்திருந்தது.

ஆறுதல் சொல்ல மெக்கானிக்கு வராது. அடுத்த வாரம் எண்ணெய்க் குப்பியோடு வந்து, தரையில் மண்டியிட்டு, அந்த நாற்காலியின் கிறீச்சை நிறுத்திக் கொடுத்தார். பிறகு எதிரே உட்கார்ந்து, இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

ஆறாம் மாடி வார்டில் மனைவி படுத்திருந்தாள். படுத்துப் படுத்துத் தலைமுடி சிக்குப் பிடித்திருந்தது. கீழே கடையில் அகலப் பல் வைத்த பச்சைச் சீப்பு ஒன்று பார்த்ததாகவும் வாங்கி வரும்படியும் கேட்டாள். வாங்கிக்கொண்டு படியேறி வரும்போது மூன்றாம் மாடியில் கூட்டம். லிஃப்ட் நின்றுபோய் உள்ளே யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "நான் மெக்கானிக்" என்று இவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது. திறக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. மேலே போனபோது முகத்தை மூடியிருந்தார்கள். மாமியாரிடம், கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்ததாகச் சொன்னார். அந்தப் பொய்யோடுதான் ஒவ்வொரு ஞாயிறும் வாஷர் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

ஆலோசகர் எழுதுவதை நிறுத்தினார். "நன்றி. இது ரொம்பத் தரமானது" என்றார்.

அந்தச் சொல்லில் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் மெக்கானிக் அன்று நெஞ்சு லேசாகிப் படியிறங்கிப் போனார். பாவம், ஒரு மனிதனைச் சம்பாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, மொட்டைமாடி மோட்டார் அறையில் கிரீஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கிரீஸ் என்பது உடன் வேலை பார்ப்பவனின் பட்டப்பெயர். அவன் மீது வந்த புகார் நேர்மாறானது, தான் மீட்டவர்களோடு அளவுக்கு மீறி இணைந்துவிட்டானாம். அவனையும் அதே மையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் கண் சிவந்திருந்தது.

"பாவம்ணே அந்த ஆலோசகர். இந்தச் சின்ன வயசுல பொண்டாட்டியைப் பறி கொடுத்திருக்காரு. சீப்பு கேட்டாளாம்ணே. பச்சைச் சீப்பு. வாங்கிட்டு வரும்போது லிஃப்டு மாட்டிக்கிச்சாம். பன்னெண்டு நிமிஷம்..."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். சீப்பு போனது, நிமிடங்கள் போயின. இன்னும் எத்தனை வாய் தாண்டினால் மாமியார் காதுக்குப் போகும் என்று கணக்குப் போட்டார்.

புகாரோடு போன மெக்கானிக்கின் கையை இயக்குநர் பிடித்து, உதட்டுக்குள் மூன்றுவரை எண்ணி, பிறகு விடுவித்தார். புகாரைக் கேட்டதும் அவர் முகம் பூரித்தது.

"சந்தோஷம். நம்ம சரக்கு வெளியில பேசப்படுதுன்னு அர்த்தம். உட்காருங்க, விளக்கமாச் சொல்றேன். ஆலோசகர் மனசைத் திறந்தாத்தான் வர்றவங்க திறப்பாங்க. ஏழு நிமிஷம் திறக்கணும்னு விதி. ஆனா எங்க பசங்களெல்லாம் நல்ல குடும்பம், நல்லாச் சாப்பிட்டு வளர்ந்தவங்க. துயரத்துக்கு எங்கே போவாங்க? ஒருத்தருக்குப் பூனை தொலைஞ்சுது. அதுவும் சாயங்காலமே திரும்பி வந்துடுச்சு. அதை வெச்சு எத்தனை பேரை அழ வைக்கிறது? அதனாலதான் கிடங்கு வெச்சிருக்கோம். வர்றவங்க குடுக்குற துயரத்தைச் சுத்தம் பண்ணி, நம்பர் போட்டு, ஆலோசகர்களுக்கு ஒதுக்குறோம்."

"ஆனா அது என் பொண்டாட்டி சார்."

"இருந்தாங்க. இப்ப நானூத்திப் பதினெட்டு."

"அந்த ஏணி? அண்ணன்?"

"தொண்ணூத்தாறு. ஒரு பெயின்டரோடது. அருமையான சரக்கு. ஓடி ஓடித் தேஞ்சு போச்சு." இயக்குநர் படிவத்தின் பதினோராம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கையெழுத்து மெக்கானிக்குடையதேதான். "ஆனாலும் நாங்க நியாயமானவங்க. உங்களுடையதுன்னு நீங்க நினைச்சா மன்றத்துல நிரூபிக்கலாம்."

உண்மைத்தன்மை மன்றத்தில் மூன்று பேர் மேஜைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார்கள். நடுவிலிருந்த அம்மாள் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தார். முதலில் ஆலோசகர் சொன்னார். 'சீப்பு' என்ற இடத்தில் குரல் உடைந்தது. நான்காம் நிமிடத்தில் கண்ணீர் வந்தது. ஏழாவது நிமிடம் முடியும் நொடியில் தலை குனிந்தார். அந்த அறையின் கதவுக்குப் பக்கத்தில் நின்ற பியூன்கூட மூக்கை உறிஞ்சினார்.

பிறகு மெக்கானிக் சொன்னார். இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. கண் வறண்டே இருந்தது. நடுவில், அன்று நின்றுபோன லிஃப்டில் பிரேக் காயில் என்ற கம்பிச்சுருள் எரிந்திருந்தது என்றும் சொன்னார்.

"எதுக்கு அதைச் சொன்னீங்க?" என்று அம்மாள் கேட்டார்.

"அதுதாம்மா நடந்தது."

"துயரத்துக்குச் சம்பந்தமில்லாத தொழில்நுட்பத் தகவல். ரெண்டு மதிப்பெண் குறைச்சுக்கோங்க."

தீர்ப்பு அன்றே வந்தது. ஆலோசகர் தொண்ணூற்றொன்று, மெக்கானிக் முப்பத்து நான்கு. எனவே மேற்படி துயரத்தின் அசல் மையத்திடமே உள்ளது. புகார்தாரர் எங்கோ கேட்டதைத் தன்னுடையதாக நம்பிவிட்டவர், அவருக்கு நமது அனுதாபங்கள். மேலும், துயரத்தின் தரம் கருதி, அது இன்று முதல் இயக்குநர் அவர்களின் சொந்தத் துயரமாக ஒதுக்கப்படுகிறது. வரும் ஆண்டு விழாவில் அவர் அதை மேடையில் திறப்பார். விழாவை உள்ளூர் டிவி நேரடியாகக் காட்டும்.

மெக்கானிக் ஒன்றே ஒன்று கேட்டார். "இதுல ஒரு நகல் கிடைக்குமா?"

இதுவரை யாரும் நகல் கேட்டதில்லை. கொடுக்கக் கூடாது என்று விதியும் இல்லை. இயக்குநரின் கையெழுத்தோடும் முத்திரையோடும் கொடுத்துவிட்டார்கள்.

உள்ளூர் டிவியைத் தவிர வேறு எதையும் பார்க்காதவர் மாமியார். அவர் வாசலில் மெக்கானிக் போய் நின்றது ஒரு புதன்கிழமை.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே மாப்ளே? குழாய் நல்லாத்தானே இருக்கு?"

மெக்கானிக் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். சீப்பு, படிக்கட்டு, மூன்றாம் மாடி, பன்னிரண்டு நிமிடம், பொய். மாமியார் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். கடைசித் துண்டுவரை மடித்து அடுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியும்."

"அத்தை..."

"அன்னைக்கே நர்ஸ் சொல்லிட்டா. பக்கத்துல யாரும் இல்லம்மான்னு. நீயா வந்து சொல்லுவேன்னு ரெண்டு வருஷமா உக்காந்திருக்கேன். நீ என்னடான்னா வாரா வாரம் வந்து வாஷர் மாத்துறே. இந்த வீட்டுக் குழாய்க்கு எத்தனை வாஷர்தான்யா வேணும்?"

மாமியார் அவரை 'நீ' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. மன்றத்தில் வராத கண்ணீர் மெக்கானிக்குக் குழாய் திறந்தாற்போல வந்தது. ஸ்டாப்வாட்ச் வைத்திருக்க அங்கே ஆள் இல்லை.

"லிஃப்டுக்குள்ள இருந்தவங்க?" என்று கேட்டார் மாமியார்.

"மூணு பேரும் வெளியே வந்துட்டாங்க அத்தை."

"சரி. அதுக்காக உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. அந்தக் கணக்கு தனி." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "இப்ப எதுக்கு வந்தே? அதைச் சொல்லு."

நகலைக் கொடுத்தார். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டிக்கெட்டைச் சரிபார்ப்பவரைப் போல முன்னும் பின்னும் திருப்பி, இரண்டு முறை படித்தார். பல வருடம் காணாமல் போயிருந்த ஒரு சிரிப்பு அவர் முகத்துக்குத் திரும்பி வந்தது.

"என் மகளை எடுத்துக்கிட்டானா? எடுத்துக்கட்டும். கூட நானும் வருவேனே, அதை யோசிச்சானா?"

பழிவாங்குவது நல்லதல்ல என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் எழுந்து போய்விடலாம். மிச்சக் கதையில் அவர்களுக்குப் பிடித்தது எதுவும் இல்லை.

ஆண்டு விழாவன்று ஏழாம் மாடி அரங்கம் நிரம்பி வழிந்தது. பல வருடமாக மையத்துக்கு வந்து மனம் திறந்தவர்கள் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். மெக்கானிக் கருவிப்பெட்டியோடு லிஃப்ட் வாசலில் நின்றார். விழா நாளில் ஆள் வேண்டும் என்று மையமே கம்பெனிக்கு எழுதியிருந்தது. சான்றிதழ் கெடுவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "நண்பர்களே, இன்று நான் இயக்குநராகப் பேசவில்லை. மனைவியை இழந்த ஒருவனாகப் பேசுகிறேன்."

முன்வரிசையில் அவருடைய மனைவி நல்ல ஆரோக்கியத்தோடு உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்குநரின் கதையில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் அவரே. சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் கதவைத் தட்டினார். சரியாக நான்காம் நிமிடத்தில் கைக்குட்டையை எடுத்தார். டிவி கேமரா அவர் முகத்தை நெருங்கியது.

"மாப்ளே!"

முப்பது வருடம் நெரிசல் பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்ட குரல் அது. அரங்கமே திரும்பிப் பார்த்தது. மாமியார் கையில் ஒரு துணிப்பையோடு நடைபாதையில் நடந்து மேடையேறினார்.

"அம்மா, உங்க உணர்வை நான் மதிக்கிறேன்..." என்று ஆரம்பித்தார் இயக்குநர்.

"உணர்வு கிடக்கட்டும். செத்துப்போனது என் மக. அவ புருஷன் நீங்கதான்னு உங்க ஆபீஸே எழுதிக் குடுத்திருக்கு. இதோ முத்திரை, இதோ உங்க கையெழுத்து. அப்ப நான் உங்க மாமியார்தானே? ரெண்டு வருஷமா ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தீங்களா? சரி போகட்டும், நானே வந்துட்டேன். துணிமணியெல்லாம் எடுத்துட்டு வந்திருக்கேன். உங்க வீட்ல எனக்கு எந்த ரூம்?"

முன்வரிசை மனைவி செல்போனை வைத்துவிட்டு எழுந்தார். "அப்ப நான் யாருங்க?"

இல்லை என்று சொன்னால் மையத்தின் முத்திரை பொய். ஆமாம் என்றால் மாமியார் மெய். இயக்குநர் மைக்கை மறு கைக்கு மாற்றி, "ஒரு ஆழமான பொருளில்... அவங்களும் என் மனைவி" என்றார். முன்வரிசை மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனார். கேமரா கொஞ்ச தூரம் அவர் பின்னால் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"ரொம்ப நல்லது. அவ பேரு என்ன?" என்று கேட்டார் மாமியார்.

இயக்குநர் பக்கவாட்டில் பார்த்தார். கிடங்குக் காப்பாளர் பெரிய பதிவேட்டை அவசரமாகப் புரட்டினார். எண் இருந்தது, வகை இருந்தது, கண்ணீர் வரும் நிமிடம் இருந்தது, எத்தனை தடவை பயன்பட்டது என்பதும் இருந்தது. பெயருக்குக் கட்டமே போடவில்லை. நானூற்றுப் பதினெட்டுக்கு மட்டுமல்ல, எதற்குமே.

"பொண்டாட்டி பேரு கேட்டேன் மாப்ளே. யோசிக்கிறீங்களே?"

நடு வரிசையில் சட்டையில் சுண்ணாம்புக் கறை படிந்த ஒருவர் எழுந்தார். "ஏணி எங்க அண்ணனோடது. எங்க அண்ணன் பேரு என்ன, அதைச் சொல்லு பார்ப்போம்." அவருக்குப் பின்னால் ஒரு பெண் எழுந்தாள். பிறகு எத்தனை பேர் எழுந்தார்கள் என்பதை இயக்குநர் நின்று எண்ணவில்லை. மேடையின் பின்பக்கமாக இறங்கி லிஃப்டுக்குள் பாய்ந்தார். மாமியார் துணிப்பையோடு துரத்தி வருவதைப் பார்த்ததும், வழக்கம்போலக் கதவைக் கையால் இழுத்து மூடினார். லிஃப்ட் கிளம்பிய பிறகும் இழுத்த கையை விடவில்லை. ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே அது நின்றது.

மெக்கானிக் வெளிக்கதவைச் சாவி போட்டு ஒரு சாண் திறந்து, தரையில் மண்டியிட்டுக் கீழே எட்டிப் பார்த்தார்.

"ஃபேன் ஓடுதா சார்?"

"ஓடுது. சீக்கிரம் திறங்க!"

"லைட்டு?"

"எரியுதுய்யா!"

"அப்ப பயமில்ல." மெக்கானிக் இயக்குநரின் கண்களை நேராகப் பார்த்து உதட்டுக்குள் மூன்றுவரை எண்ணினார். "நான் உங்களை முழுசாப் பார்க்கிறேன். திறக்கிறதுக்கு முன்னாடி இணையணுமாமே? இல்லைன்னா புகார் வருது. இப்ப என் மனசைத் திறக்கிறேன். ஏழு நிமிஷம்."

திறந்தார். பிரேக் காயில் என்றால் என்ன, அதில் எத்தனை சுற்று இருக்கும், அது எப்படிச் சூடாகும், எரிந்தால் என்ன வாடை வரும், எரிந்ததைக் கழற்றாமல் கையால் பிரேக்கை விடுவிக்க எந்த நெம்புகோலை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று, அன்று மூன்றாம் மாடியில் செய்த ஒவ்வொன்றையும் விடாமல் சொன்னார். இடையில் இரண்டு முறை இயக்குநர் கெஞ்சினார். "குறுக்கே பேசினா மறுபடி முதல்லேருந்து சார், விதி" என்றார் மெக்கானிக். பின்னால் பெயின்டரும் மற்றவர்களும் படிக்கட்டுவரை நின்று மரியாதையாகக் கேட்டார்கள். கேமராவும் கேட்டது.

ஏழு நிமிடம் முடிந்ததும் மாமியார் அந்த ஒரு சாண் இடைவெளியில் குனிந்து தன் மகளின் பெயரைச் சொன்னார். இயக்குநர் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை குரல் சரியில்லை என்றார் மாமியார். இரண்டாம் தடவை வேகம் அதிகம். மூன்றாம் தடவை சரியாக வந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எடுத்துக்கொண்டவர்கள் போதும்.

பிறகு இடைவெளி வழியாகத் தீர்ப்பின் நகல் போனது. அதன் பின்பக்கத்தில், மேற்படி துயரம் உரியவரிடமே திருப்பி ஒப்படைக்கப்படுகிறது என்று இயக்குநர் முழங்காலில் வைத்து எழுதிக் கையெழுத்திட்டார். கடைசியாகக் கம்பெனியின் கருத்துப் படிவம் போனது. 'மெக்கானிக் உங்களோடு உணர்வுபூர்வமாக இணைந்தாரா?' என்ற கேள்விக்கு அவர் 'மிக மிக ஆழமாக' என்ற கட்டத்தில், பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி டிக் அடித்தார்.

மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டாவது நிமிடம் முடியும்வரை காத்திருந்துவிட்டுக் கதவைத் திறந்தார். அந்த வேலைக்கு நாற்பது நொடிதான் ஆனது. இயக்குநர் வெளியே வந்து நிமிர்ந்தபோது, படிக்கட்டு நிறைய ஆட்கள் தாங்கள் இழந்தவர்களின் பெயர்களோடு காத்திருந்தார்கள்.

மாமியாரும் மெக்கானிக்கும் அவர்களுக்கு வழிவிட்டுப் படியிறங்கினார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் மாமியார் மூச்சு வாங்க நின்றார்.

"அந்தச் சீப்பு எங்கே?"

மெக்கானிக் கருவிப்பெட்டியைத் திறந்து, ஸ்பேனர்களுக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். மாமியார் தன் நரைத்த கொண்டையை அவிழ்த்து, அந்தப் படியிலேயே நின்று, அகலப் பற்களால் மெல்ல வாரிக்கொண்டார். வாரி முடித்துச் சீப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டார்.

"நான் உன்னை இன்னும் மன்னிக்கல. தெரியுமில்ல?"

"தெரியும் அத்தை."

"ஞாயித்துக்கிழமை வா." இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினார். "அந்தப் பெட்டியைக் கொண்டு வராதே. சும்மா வா."